தோற்றால் மரம், ஜெயித்தால் அறை

நான் படித்த நாவல்களில் பாதிக்கு மேல் ஒரு பேரிக்காய் மரம் இருக்கும். அதன் அடியில் யாராவது உட்கார்ந்து யாரையாவது நினைத்து வருந்துவார்கள். பிறகு ஒரு பழத்தைப் பறித்துக் கடிப்பார்கள். சாறு முழங்கை வரை வழியும். எல்லாமே மொழிபெயர்ப்பு நாவல்கள். முதல் தடவை அந்த வரியைப் படித்தபோது எனக்கு மொழிபெயர்த்தவர் மேல்தான் சந்தேகம் வந்தது. பேரிக்காய் என்பது பெயரிலேயே காய். கடித்தால் நறுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து சாறு எப்படி வழியும், அதுவும் முழங்கை வரை? பாவம், வேறு ஏதோ பழத்தைத் தப்பாக எழுதிவிட்டார் என்று அவரை மனதுக்குள் மன்னித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பிறகு நாங்கள் இந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். பின்பக்கக் கதவைத் திறந்தால் நிஜமாகவே ஒரு பேரிக்காய் மரம் நின்றது. மற்றவர்கள் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மரத்தின் அடியில் போய் நின்று வருந்திப் பார்த்தேன். வருந்துவதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

வீட்டில் மனிதர்கள் நாலு பேர்: அம்மா, அக்கா, அத்தான், நான். ஃப்ரிட்ஜ்கள் எப்போதும் எங்களைவிட அதிகம். அத்தான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், முன்னறைதான் அவருக்குப் பட்டறை. வாசலிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு வரிசை ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடக்க வேண்டும். வருகிற விருந்தாளிகளிடம் அம்மா “வாங்க” என்று சொன்ன கையோடு “வயித்தை எக்கிக்குங்க” என்றும் சொல்லிவிடுவாள்.

மிச்சமிருந்த ஒரு சின்ன அறை எனக்கு. ஜன்னலைத் திறந்தால் மரம். என் புத்தக அலமாரிகூட அத்தான் கழற்றிப் போட்ட கம்பித் தட்டுகளால் ஆனதுதான். முட்டை வைக்கும் குழிகளில் பென்சில்களை நட்டு வைத்திருந்தேன். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் அந்த அறையில் வாசிப்பு. வாசித்து வாசித்து என் பேச்சே மாறிப்போய்விட்டது. ஒருநாள் அம்மாவிடம், “இந்தத் தேநீர் என்னை மிகவும் ஏமாற்றமடையச் செய்கிறது” என்றேன்.

“சக்கரை டப்பா அங்கதான் இருக்கு. போட்டுக்கோ” என்றாள் அம்மா.

அன்றைக்கு அத்தான் எனக்கு வைத்த பெயர் ‘மொழிபெயர்ப்பு’.

என் காதலை மரம் சட்டை செய்யவே இல்லை. வருஷா வருஷம் காய்த்துக் குலுங்கியது, மறுக்கவில்லை. ஆனால் காய் என்றால் அப்படி ஒரு காய். அம்மா ஒன்றை நறுக்கப் போய்க் கத்தியின் பிடி கழன்று வந்துவிட்டது. அக்கா கடித்துப் பார்த்துவிட்டு அன்று முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். வேகவைத்தும் பார்த்தோம், சூடான கல் கிடைத்தது. அத்தான் மட்டும்தான் அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்தார். ஆட்டம் காண்கிற ஒரு ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒரு காயை முட்டுக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் நிமிர்ந்து நின்றது. காய் நசுங்கவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் அக்கா உண்டானாள். மாதம் ஏற ஏற வயிறும் ஏறியது, பாதை மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் காலை சமையலறைக்குப் போகும் வழியில் இரண்டு ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

“என்னங்க!”

“என்ன?”

“சிரிக்காம வாங்க.”

அத்தான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்து ஒரு ஃப்ரிட்ஜை நகர்த்தி அக்காவை மீட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“குழந்தை வர்றதுக்குள்ள இதுங்கல்லாம் இங்கேருந்து போகணும். இல்லைன்னா நான் போயிடுவேன். அவசரத்துக்கு என்னைத் தூக்கிட்டு ஓடணும்னா எப்படி ஓடுவீங்க? கம்ப்ரெஸரைக் கழட்டிட்டா?”

“பின்னாடி ஷெட் போட்டுடலாம்” என்றார் அத்தான். “அந்த மரத்தை மட்டும் எடுத்துட்டா இடம் தாராளம்.”

நான் எழுந்தேன். “முடியாது! அந்த மரத்தின் மீது கோடரி விழுவதற்கு முன்னால் அது என் மீது விழட்டும்!”

“இப்பல்லாம் மெஷின்தான்” என்றார் அத்தான். “கோடரி கிடையாது.”

அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா பெருமூச்சு விட்டாள். “பழம் குடுக்கிற மரமா இருந்தா எனக்கே வெட்ட மனசு வராதுடி. இது கல்லுல்ல குடுக்குது?”

“பழுக்கும்மா. இந்த வருஷம் பழுக்கும்.”

“பழுக்கலைன்னா?”

“வெட்டிக்குங்க.”

“சரி, பழுத்துடுச்சுன்னே வெச்சுக்குவோம்” என்றாள் அக்கா. “ஃப்ரிட்ஜையெல்லாம் எங்க வைக்கிறது? உன் தலை மேலயா?”

நாவல்களில் இந்த மாதிரி இடத்தில் கதாநாயகி தன்னிடம் இருக்கும் ஒரே பொருளைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தேன். கொடுக்காமல் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது.

“என் அறையில் வையுங்கள்” என்றேன்.

அத்தான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இரு, இரு. நான் சரியா புரிஞ்சுக்கறேன். நீ தோத்தா மரம் போகும். ஜெயிச்சா ரூம் போகும்.”

“ஆமாம்.”

“மொழிபெயர்ப்பு, நீ எதையாவது விக்கணும்னு நினைச்சா மொதல்ல என்கிட்ட சொல்லு. வேற யார்கிட்டயும் போயிடாதே.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் வீரவசனம் பேசிய வாயால் அதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

பழுக்க வைப்பது எப்படி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கதைகளில் பழம் மரத்திலேயே இருக்கும். இலைகள் நிறம் மாறும் பருவத்தில் அதுவும் பொன்னிறமாகும். கதாநாயகி கை நீட்டுவாள், அது தானாக அவள் உள்ளங்கையில் வந்து உட்காரும். ஆகவே ஒரே ஒரு சட்டம் போட்டேன்: யாரும் ஒரு காயைக்கூடப் பறிக்கக் கூடாது. அட்டையில் எழுதி மரத்தில் கட்டியும் வைத்தேன். சாயங்காலங்களில் மரத்தடியில் உட்கார்ந்து அதற்கு வாசித்துக் காட்டினேன். ஒரு மரணக் காட்சியின் நடுவில் என் சட்டைக்குள் கம்பளிப்பூச்சி விழுந்து, நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். “யாருடி செத்தது?” என்றாள். சொன்னேன். “இவளுக்கு வேற வேலையில்ல” என்று உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், கீழ்க்கிளை மொட்டையாக நின்றது. ஒரு காய் இல்லை. மரத்தில் நான் கட்டிய அட்டை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் அத்தானின் தொழில்முறை. ரிப்பேர் முடிந்த ஃப்ரிட்ஜை அவர் உடனே கொடுத்துவிட மாட்டார். உள்ளே நிறையச் சரக்கை அடுக்கி, நடுவில் ஒரு தெர்மாமீட்டர் கம்பியைச் சொருகி, நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்ப்பார். “காலியா ஓடுற ஃப்ரிட்ஜ் பொய் சொல்லும். வயிறு நிறைஞ்சாத்தான் உண்மை தெரியும்” என்பார். வழக்கமாகத் தண்ணீர் பாட்டில்களைத்தான் அடுக்குவார். குழந்தை வரப்போகிறது என்று வீட்டைச் சுத்தம் செய்த அம்மா, அத்தனை பாட்டில்களையும் தூக்கிப் போட்டுவிட்டாள். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். கனமாக, ஒரே அளவில், யாருக்கும் உதவாமல் என்ன இருக்கிறது?

ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். என் பிள்ளைகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, விறைத்துக் கிடந்தன. நடுவில் இருந்த ஒன்றின் நெஞ்சில் கம்பி.

“நீங்கள் ஒரு கொலைகாரர்” என்றேன்.

“கொலை இல்ல, டெஸ்ட்டு. கதவை மூடு, குளிர் போகுது.”

அந்த ஃப்ரிட்ஜின் சொந்தக்காரர் வெளியூர் போயிருந்ததால் அது வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டேன். மேல்கிளைகளில் மிச்சமிருந்த காய்கள் போதும் எனக்கு.

அவை ஏமாற்றவும் இல்லை. பருவம் மாறியது, இலைகள் சிவந்தன, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தால் உச்சிக்கிளையில் ஒரு பழம் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து மற்றவையும் நிறம் மாறின. நான் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பொன்னாகட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஏணி போட்டு ஏறினேன். கை நீட்டினேன். கதைகளில் வருகிற மாதிரியே அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மற்றவற்றையும் பறித்துக்கொண்டு இறங்கினேன்.

நல்ல தட்டு எடுத்தேன். மேசையில் துணி விரித்தேன். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். சின்னதாக ஒரு முன்னுரைகூட ஆற்றினேன், “இன்று இந்த இல்லத்தில்” என்று ஆரம்பித்து.

“வெட்டுடி, பசிக்குது” என்றாள் அக்கா.

வெட்டினேன். வெளியே தங்கம். உள்ளே, நடுவிலிருந்து தோலுக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி பழுப்பு நிறக் கூழ். ஒரு புளித்த வாடை எழுந்தது. அடுத்ததை வெட்டினேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது கத்தி படுவதற்கு முன்பே தட்டில் குழைந்து உட்கார்ந்துவிட்டது.

அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இங்கேயே பிறந்துடும்” என்று கண்ணீர் வரச் சிரித்தாள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

“மரத்துல விட்டு வெச்சா உள்ளேருந்து அழுகும் போலிருக்கு” என்றார் மெதுவாக. “நீ என்ன பண்ணுவே, பாவம்.”

மரம் வெட்டுகிறவர் வந்து மரத்தைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் மெஷினோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்கக் கடையில் என் வேலை ஓடவில்லை. ஒரு வாத்தியாரின் கண்ணாடியில் இடது லென்ஸை வலதுபக்கமும் வலதை இடதுபக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டுக்கொண்டு வாசல்படியில் இறங்கப் பார்த்து, படியே இல்லாத இடத்தில் காலை வைத்தார்.

“என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை” என்றேன்.

அவர் வாத்தியாரின் கண்ணாடியை வாங்கி, லென்ஸ்களைத் தானே மாற்றி மாட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. அக்காவை டாக்டரிடம் காட்ட மூவரும் போயிருந்தார்கள். முன்னறையில் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாசனை வந்தது. தேன் மாதிரி, ஆனால் தேன் இல்லை. மூக்கைப் பின்தொடர்ந்து போனேன். பட்டறை மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் மேல் ஒரு பழைய துணி. துணியை எடுத்தேன்.

வெளியூர்க்காரர் திரும்பி வந்து ஃப்ரிட்ஜை எடுத்துப் போயிருக்கிறார். அத்தான் உள்ளே இருந்ததையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, கடைசித் தட்டில் இருந்ததை மட்டும் தொட்டியில் கொட்டி மூடி மறந்துபோயிருக்கிறார். சில நாட்கள் ஆகியிருக்க வேண்டும். கல்லாகப் போன என் பிள்ளைகள் இளமஞ்சளாகத் திரும்பி வந்திருந்தன.

ஒன்றை எடுத்துக் காம்புக்குப் பக்கத்தில் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் கடித்தேன். பல்லுக்கு வேலையே இல்லை. வாயில் கரைந்தது. சாறு உதட்டிலிருந்து மோவாய்க்கு, மோவாயிலிருந்து மணிக்கட்டுக்கு, அங்கிருந்து, ஆமாம், முழங்கைக்கு. முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளரிடம் நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம்தான் பந்தயம் ஞாபகம் வந்தது.

பழுத்துவிட்டது. ஆகவே என் அறை போகும். ஜன்னல், முட்டைக்குழி பென்சில்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற வசதி, எல்லாம் போகும். ஆனால் இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. துணியை மறுபடி மூடிவிட்டால் நாளைக் காலையில் மெஷின் வரும், மரம் போகும், அறை மிஞ்சும். கதாநாயகியாக இருந்தால் என்ன செய்வாள்? யோசிக்க வேண்டியிருந்தது. யோசிப்பதற்காக இன்னொன்று எடுத்தேன். தியாகம் என்றால் என்ன என்று நினைத்துக்கொண்டே மூன்றாவதை முடித்தேன். என் மனப்போராட்டம் உச்சத்தை அடைந்தபோது தொட்டியில் மூன்று பழங்கள்தான் மிச்சம் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போராடியிருந்தால் சாட்சியே மிஞ்சியிருக்காது.

வாசற்கதவு திறந்தது. கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“என்ன வாசனை இது?” என்றாள் அக்கா. மாசமாக இருப்பவளின் மூக்குக்கு எதுவும் தப்பாது. “அடியே, கையைக் காட்டு. முழங்கையில என்ன சொட்டுது?”

காட்டினேன். அக்கா பாதிப் பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

“எந்தக் கடையில வாங்கினே?”

“அதானே” என்றார் அத்தான். “கெட்டிக்காரிதான் நீ. நாளைக்கு மரத்தை வெட்ட ஆள் வருதுன்னதும் கடைப்பழத்தைக் கொண்டாந்து காட்டிக் காப்பாத்தலாம்னு பார்க்கறே. சரி விடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

எவ்வளவு அருமையான வாய்ப்பு! நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவர்களே சொல்லிவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் நின்றால் போதும், அறை என்னுடையது. திறந்திருந்த பின்கதவு வழியாக மரம் தெரிந்தது. என் அட்டை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம மரத்துப் பழம்தான்” என்றேன்.

“சும்மா சொல்லாதே” என்றாள் அம்மா. “அந்தக் கல்லா இது?”

“சத்தியமா அந்தக் கல்லுதாம்மா. அத்தான் டெஸ்ட்டுக்கு வெச்சாரே, அதுதான்.”

“அதையெல்லாம் நான் என்னைக்கோ தூக்கிப் போட்டுட்டேனே” என்றார் அத்தான்.

“எல்லாத்தையும் போடலை, கடைசித் தட்டைத் தொட்டியில கொட்டியிருக்கீங்க!”

“ஏன்டி கத்தறே? வாங்கினேன்னு ஒத்துக்கிட்டா என்ன? நாங்க என்ன அடிக்கவா போறோம்?” என்றாள் அக்கா, அடுத்த பழத்தைக் கையில் எடுத்தபடி.

என் அறையை நானே இழப்பதற்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன், நம்பத்தான் ஆள் இல்லை. மொழிபெயர்ப்பு நடையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கடைசியாக மிச்சமிருந்த பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நடு வயிற்றில் உருண்டையாக ஒரு துளை, சுற்றிலும் லேசாகக் கறுத்து.

“அத்தான், இந்த ஓட்டை எந்தக் கடையில போட்டுத் தருவாங்க?”

அத்தான் பழத்தை வாங்கினார். மேசையிலிருந்த தெர்மாமீட்டர் கம்பியை எடுத்து அந்தத் துளையில் வைத்தார். அது அளவெடுத்த மாதிரி உள்ளே போனது.

“என் ஓட்டைதான்” என்றார். அப்புறம் அந்தப் பழத்தை இரண்டாகப் பிய்த்து அம்மாவுக்குப் பாதி கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்றார். மென்றுகொண்டே என்னை வெகுநேரம் பார்த்தார். “குளிர்ல கிடந்துட்டு வெளியே வந்தாத்தான் பழுக்கும் போலிருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரூம் உனக்கே இருந்திருக்குமே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் கத்தினியா?”

“ஆமா.”

“மூணு பழம் தின்னுட்டு” என்றாள் அக்கா, தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை வந்த மரம் வெட்டுகிறவர், மெஷினைக் கீழே இறக்காமலே திரும்பிப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஃப்ரிட்ஜ்களை என் அறைக்குள் தள்ளினோம். ஞாயிறு சாயங்காலம் அக்கா வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் நேராக நடந்து பார்த்தாள். போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை நடந்தாள். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் நடந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ துடைத்தாள்.

இப்போது முன்னறையின் ஒரு மூலையில் எனக்குக் கட்டில். கதவு இல்லை, அதனால் அழுகையெல்லாம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மரத்தில் இந்தப் பருவத்துக்கு இனி எதுவும் இல்லை. அடுத்த வருஷக் காய்களைக் கல்லாக இருக்கும்போதே பறித்து அடுக்க வேண்டும் என்று அத்தான் இப்போதே தட்டுகளை ஒதுக்கிவிட்டார். அதுவரைக்கும் டெஸ்ட்டுக்குச் சரக்கு வேண்டுமே.

நேற்றுப் படித்துக்கொண்டிருந்த நாவலின் இரண்டாம் பாகத்தைத் தேடினேன். எங்கேயும் காணோம்.

“அத்தான், என் புத்தகங்கள் எங்கே?”

“உன் பழைய ரூம்ல, ஜன்னலோரத்து ஃப்ரிட்ஜ்ல பாரு. கீழ்த்தட்டு. நல்ல கனம் அதுங்க.”

வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் என் அறைக்குள் போனேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் மொத்த உலக இலக்கியமும் விறைத்து உட்கார்ந்திருந்தது. நான் தேடியதன் அட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் தெர்மாமீட்டர் கம்பி. உருவிப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மரத்தடிக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே ஊரெல்லாம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விரல் மரத்துப்போயிற்று. மொழிபெயர்த்தவர் மேல் எனக்கு இந்த முறை எந்தச் சந்தேகமும் வரவில்லை.